நரம்புப் பாதிப்போடு ஸ்கூபா மூழ்க விரும்பும் மதுரை வட்டாரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மண்டபமும் தூத்துக்குடியும் மதுரையிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் சென்றடையக்கூடிய தொலைவில் இருப்பதாலும், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றிப் பலரும் பேசத் தொடங்கியிருப்பதாலும், முதுகில் மாட்டிய சிலிண்டரிலிருந்து சுவாசித்துக்கொண்டே கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொள்ளும் ஆசை நம் ஊரில் இப்போது பரவலாகவே இருக்கிறது. அந்த ஆசை உள்ளவர்களில் சிலருக்கு நரம்பில் ஏதோ ஒரு பழைய பாதிப்பு மிச்சமிருக்கும். டிஸ்க் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் பாதத்தில் உணர்வு திரும்பாதவர்கள், இருசக்கர வாகன விபத்தில் தோள்பட்டை நரம்புகள் சேதமாகிக் கை பலமிழந்தவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயால் உள்ளங்கால் எரிச்சலோடு வாழ்பவர்கள், முகவாதம் வந்து வாயின் ஓரம் இன்னும் சரியாகக் கூடாதவர்கள், கை கால்களைத் திடீரெனப் பலவீனமாக்கும் குய்லான் பார்ரே என்ற நரம்பு நோயிலிருந்து மீண்டவர்கள் எனப் பல வகையினர் உண்டு. இவர்கள் கடலுக்குள் இறங்கலாமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பலருக்கு ‘இறங்கலாம்’, சிலருக்கு ‘கூடவே கூடாது’, இன்னும் சிலருக்கு ‘இப்போது வேண்டாம்’ என்பதே விடை. உங்களுக்கு எந்த விடை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

அழுத்தமும் நரம்பும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் 1 ஆக இருப்பது 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3 என்று ஏறிக்கொண்டே போகும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அழுத்தம் கூடக் கூட அந்த நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுவிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலேறினால், கரைந்தது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், மூடியைத் திறந்த சோடா பாட்டிலில் நுரை பொங்குவதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். மருத்துவர்கள் அழுத்தத் தளர்ச்சி நோய் என்றும் மூழ்குபவர்கள் பெண்ட்ஸ் என்றும் சொல்வது இதைத்தான். மெதுவாக, இடைநிறுத்தங்களோடு மேலேற வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் தம் குழுவினரோடு 1908-இல் வெளியிட்ட அட்டவணைகளின் வழிவந்த கணிப்பு முறைகளைத்தான் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட மூழ்குபவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் பலவும் பயன்படுத்துகின்றன.

இந்த நோய் மூட்டு வலியாகவும் தோல் தடிப்பாகவும் வரும் என்றாலும், அஞ்ச வேண்டியது அது தண்டுவடத்தைத் தாக்கும்போதுதான். கால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, ஒரு பக்கம் பலம் குறைதல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை அப்போது தோன்றும் அறிகுறிகள். பழைய நரம்புப் பாதிப்பு உள்ளவருக்கு இவற்றில் ஒன்றிரண்டு ஏற்கெனவே அன்றாட வாழ்வின் பகுதியாக இருக்கும் என்பதில்தான் சிக்கலே அடங்கியிருக்கிறது. நரம்பு நன்றாக இருப்பவர் கரையேறியதும் பாதம் மரத்துப்போனால் அதிர்ந்துபோவார். ஆண்டுக்கணக்கில் மரத்த பாதத்தோடு இருப்பவரோ ‘இது எப்போதும் இருப்பதுதானே’ என்று படுத்துவிடுவார். இதற்கு நேர்மாறாக, பழைய மதமதப்பைப் புதியதென்று எண்ணி மிரண்டு, தேவையே இல்லாத அவசர சிகிச்சைக்கு ஓடுபவரும் உண்டு. பழைய பாதிப்பு கடலில் கேடாக மாறுவதற்கு முதல் காரணம், அது எச்சரிக்கை மணியின் ஓசையை மழுங்கடித்துவிடுவதுதான் என்பது என் கருத்து. கை கால்களின் பலவீனமும் மாத்திரைகளும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

இறங்கக் கூடாதவர்களும் பொறுத்திருக்க வேண்டியவர்களும்

வலிப்பு நோய் உள்ளவர்கள் ஸ்கூபாவை விட்டுவிட வேண்டும். தரையில் வலிப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நீருக்கடியில் வலிப்பு வந்து, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் நழுவினால் மூழ்கிச் சாவுதான். முன்பு மூழ்கியபோது ஏற்பட்ட அழுத்தத் தளர்ச்சியாலேயே தண்டுவடம் பாதிக்கப்பட்டு, அந்தக் குறை இன்னும் மிச்சமிருப்பவர்களையும் மருத்துவர்கள் பொதுவாக மீண்டும் இறங்க விடுவதில்லை. பாதிப்பு இன்னும் வளர்ந்துகொண்டோ மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டோ இருந்தால், அது ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காரணம் தெரியாத மதமதப்போடு கடலுக்குப் போகாதீர்கள். பி12 குறைவால் வந்ததா, சர்க்கரையால் வந்ததா, கழுத்து எலும்பின் அழுத்தத்தால் வந்ததா என்று முதலில் கண்டுபிடிக்கட்டும்.

இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள், அதாவது எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருபவர்கள், தனியாக அதற்கென்று பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினால்கூட இரத்த அழுத்தம் திடீரென எகிறும் ஆபத்து இருக்கிறது. நீரில் மூழ்கினாலே சிறுநீர் கூடுதலாகச் சுரக்கும் என்பதால், அவர்களுக்கு இது வெறும் சங்கடம் என்ற அளவில் நிற்பதில்லை.

மருத்துவரிடம் எதைக் கொண்டு போவது

உலகம் முழுவதும் பயிற்சி நிலையங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மருத்துவக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. அது 2020-இல் திருத்தி அமைக்கப்பட்டது. முதற்பக்கத்தில் 10 கேள்விகள் இருக்கும். அவற்றுக்குச் சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த பக்கத்தின் கட்டங்களுக்குப் போக வேண்டும். நீடித்த நரம்புப் பாதிப்பு அல்லது நரம்பு நோய், ஐந்தாண்டுக்குள் நினைவிழப்போடு கூடிய தலைக்காயம், 12 மாதத்துக்குள் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை, 6 மாதத்துக்குள் அன்றாட வேலையைத் தடுக்கும் முதுகு வலி ஆகியவை அதில் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும்.

மதுரையில் நரம்பியல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நரம்பை நன்கு அறிந்தவர் கடலழுத்தத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ‘நீச்சல்தானே, தாராளமாகப் போங்கள்’ என்றோ, ‘உங்களுக்கு எதற்கு இந்த வேலை’ என்றோ ஒரே வரியில் முடித்துவிடக்கூடும். ஆகையால் படிவத்தோடு, மருத்துவர்களுக்காகவே எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்பையும் அச்சிட்டுக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கூடவே பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கை, நரம்புக் கடத்தல் பரிசோதனை முடிவு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு ஆகியவையும் இருக்கட்டும். எந்த ஆழத்துக்குப் போகப் போகிறீர்கள், எவ்வளவு எடையைத் தூக்க நேரும், உதவிக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பவற்றையும் சொல்லுங்கள். மூழ்குதல் மருத்துவம் படித்தவர்கள் நம் நாட்டில் பெரும்பாலும் கடற்படையோடு தொடர்புடையவர்களாகவே இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் தொலைபேசி வழியாகவாவது ஆலோசனை பெற முடிந்தால் விட்டுவிடாதீர்கள்.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். நரம்பு வலிக்கு நம் ஊரில் அதிகம் எழுதப்படும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரக்கூடியவை. நீருக்கடியில் நைட்ரஜன் தரும் மயக்கமும் அதோடு சேர்ந்துகொள்ளலாம். காபாபென்டினும் கார்பமசபினும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் மருந்துகள் என்பதால், உங்களுக்கு அவை வலிக்காகத்தான் தரப்பட்டவை, வலிப்புக்காக அல்ல என்று மருத்துவர் தம் கைப்பட எழுதித் தருவது நல்லது. வலி மாத்திரையான டிரமடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியது. அதைச் சாப்பிட்டுவிட்டு இறங்கக் கூடாது. இவை எதையும் கடலுக்குப் போவதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருந்தோ அளவோ புதிதாக மாறியிருந்தால், உடல் அதற்குப் பழகி, தரையில் வண்டி ஓட்டும்போது தூக்கம் வரவில்லை என்று உறுதியான பிறகு மூழ்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இரட்டைச் சிக்கல் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் பொழுதுபோக்காக மூழ்குவதற்கென 2005-இல் வகுக்கப்பட்ட வழிமுறைகள், அந்நோயின் பெரிய பின்விளைவுகள் இல்லாதவர்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. ஆகையால் கால் நரம்பு கெட்டிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே மருத்துவர் மறுக்கலாம். அனுமதி கிடைத்தவர்கள் மூழ்குவதற்கு 60 நிமிடம் முன்பும், 30 நிமிடம் முன்பும், இறங்கும் தருவாயிலும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அது 150 மி.கி.க்குக் குறையாமலும் இறங்குமுகமாக இல்லாமலும் இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டியிருந்தால் அன்று மூழ்கக் கூடாது. ஆழம் 30 மீட்டருக்குள், நேரம் ஒரு மணிக்குள் இருக்க வேண்டும். வாயில் பிழிந்துகொள்ளக்கூடிய குளுக்கோஸ் கையோடு இருக்க வேண்டும். உடன் மூழ்குபவருக்கும் சர்க்கரை நோய் இருக்கக் கூடாது.

உடல்நிலைத் தாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு மனமிருக்குமானால், இதைச் செய்யுங்கள். நீரில் கால் வைப்பதற்கு முன்பே, உங்கள் நரம்புகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சோதித்து எழுதட்டும். அவர் செய்வதை உங்கள் வீட்டார் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். பஞ்சு, மழுங்கிய ஊசி, ஒரு பேனா, கைப்பேசி ஆகிய நான்கும் போதும்.

பஞ்சால் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்து, உணர்வு எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று தோலின் மீதே பேனாவால் கோடு போட்டு, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பலம், நடை, சமநிலை, சிறுநீர் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். டிஸ்க் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருடைய தாள் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “இடது பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரலிலிருந்து குதிகால்வரை, பஞ்சு தெரியவில்லை, ஊசி மழுங்கலாகத் தெரிகிறது. பாதத்தின் உள் ஓரமும் வலது காலும் முழுவதும் சரி. இடது நுனிக்காலில் மட்டும் எக்கி நின்றால் 6 முறைக்கு மேல் முடியவில்லை. வலது காலில் 20 முறை முடிகிறது. குதிகாலால் நடக்க இரண்டு பக்கமும் முடிகிறது. கண்ணை மூடிக்கொண்டு பாதங்களைச் சேர்த்து 30 நொடி அசையாமல் நிற்க முடிகிறது. ஒரு கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து 10 அடி நடக்கும்போது ஒரு முறை தடுமாற்றம். சிறுநீர், மலம் தடையில்லை. கைகள், முகம், பேச்சு சரி.” எது சரியாக இருக்கிறது என்பதையும் இப்படி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பிற்பாடு வேறுபாட்டைக் காட்டப்போவது பெரும்பாலும் அந்த வரிகள்தாம்.

நரம்புப் பாதிப்பு நேரத்துக்கு நேரம் கொஞ்சம் மாறும். ஒரே ஒருமுறை எடுத்த அளவு போதாது. காலையில் ஒருமுறையும், உடற்பயிற்சி முடித்துக் களைத்திருக்கும்போது ஒருமுறையும் எடுங்கள். பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்தே போய் இறங்கினால், முதுகுப் பிரச்சினை உள்ளவருக்கு மரத்துப்போன இடம் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாகப் பரவியிருக்கக்கூடும். அந்த அளவையும் மண்டபத்தில் இறங்கியதும், நீரில் இறங்குவதற்கு முன்பு, எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கார்ப்பயணம் செய்த வேலைக்குக் கடலைக் குற்றம் சொல்ல நேரும். தாளின் ஒரு படி உங்களிடமும், ஒரு படி உடன் மூழ்குபவரிடமும், ஒரு படி படகிலும் இருக்கட்டும்.

யாரிடம் கற்பது

கட்டணத்தையும் படங்களையும் பார்த்து முடிவு செய்யாமல், சில கேள்விகளைக் கேளுங்கள். படகில் தூய ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும் இருக்கின்றனவா? கரை சேரும்வரை அது போதுமா? அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் யார்? அழுத்தத் தளர்ச்சிக்குத் தீர்வு, மூடிய அறையில் அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறைச் சிகிச்சைதான். மூழ்குபவர்களை ஏற்றுக்கொள்ளும் அறை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே தொலைபேசியில் இன்று யாராவது எடுக்கிறார்களா? ஆறாத புண்ணுக்காக மருத்துவமனைகள் வைத்திருக்கும் அழுத்த அறைகள் எல்லாம் மூழ்குபவர்களை ஏற்றுக்கொள்வதில்லை என்பதால், ‘இருக்கிறது’ என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுவரை கேளுங்கள். மருத்துவப் படிவத்தைப் பார்த்துவிட்டு ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் அடிச்சிருங்க’ என்று சொல்பவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அவரிடம் போகாதீர்கள்.

சுற்றுலா வந்தவர்களை நேராகக் கடலுக்கு அழைத்துப்போய், பயிற்றுநர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு சுற்றிக் காட்டும் ஒருநாள் ஏற்பாடு நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கை எவ்வளவு ஒத்துழைக்கும், கால் எவ்வளவு உதைக்கும் என்பது உங்களுக்கோ அவருக்கோ தெரியாத நிலையில், சோதனையைக் கடலிலேயே நடத்துவதாகிவிடுகிறது. நீச்சல் குளத்தில் தொடங்கும் முழுப் பயிற்சியே நல்லது. அதில் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள். எந்த முறையில் நீந்தினாலும் சரி. உடற்குறை உள்ளவர்களுக்கு மூழ்கக் கற்றுத்தரவென்றே 1981-இல் தொடங்கப்பட்ட அமைப்பு ஒன்று இருக்கிறது. தன்னையும் பார்த்துக்கொண்டு துணைவருக்கும் உதவக்கூடியவருக்கு ஒரு துணை, துணைவருக்கு உதவ இயலாதவருக்கு இரண்டு துணை என்று அது வகைப்படுத்துகிறது. உங்கள் பயிற்றுநர் அந்த அமைப்பைச் சேராதவராக இருந்தாலும், இந்தக் கணக்கை அவரிடம் சொல்லி இரண்டாவது துணையைக் கேட்கலாம். அதற்குக் கூடுதல் பணம் கேட்டால், அது கேட்கத் தகுந்த பணமே.

குளத்தில்

நம் பக்கத்தில் பலரும் வயற்காட்டுக் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்கள். நீரைக் கண்டு அஞ்சாத அந்தத் துணிவு நல்லது. மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் மட்டும் ஸ்கூபாவுக்கு எதிரி. சிலிண்டரிலிருந்து சுவாசித்த காற்றை நுரையீரலில் அடக்கிக்கொண்டு மேலேறினால், அழுத்தம் குறையக் குறையக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்து, குமிழி நேராக மூளைக்குப் போய்விடலாம். ஒன்றரை மீட்டர் ஆழமே இதற்குப் போதும். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவிழப்போ பக்கவாதம் போன்ற அறிகுறிகளோ தோன்றும். கிணற்றுப் பழக்கம் உள்ளவர்கள், ஏறும்போது சிறுகுமிழிகளாக மூச்சை விட்டுக்கொண்டே வருவதை உடம்பில் ஊறும்வரை பழக வேண்டும்.

அதன் பிறகு உங்கள் குறைக்கு ஏற்ற பயிற்சி. நீரில் மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் அணியும் மிதவைச் சட்டைக்குக் காற்றேற்றும் குழாய் இடது தோளின் மேல் வரும். இடது கை பலவீனமானவர் வலது கையால் குறுக்கே நீட்டி அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தப் பழக வேண்டும். நீரில் இறங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகளை அவிழ்த்துவிடுவதையும் முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவதையும் இரண்டு கைகளாலும் தனித்தனியே, கண்ணை மூடிக்கொண்டும் செய்து பாருங்கள். விரல் நுனியில் உணர்வு இல்லாதவருக்குப் பொத்தானை அழுத்திவிட்டோமா என்பதே தெரியாது என்பதால், காற்றேறும் ஓசையைக் காதால் கேட்டு உறுதி செய்யப் பழக வேண்டும். முகவாதம் மிச்சமுள்ளவர் வாய்க்கவ்வியைச் சுற்றி உதட்டை மூட முடிகிறதா, ஓரத்தில் நீர் கசிகிறதா என்று நெடுநேரம் சோதிக்க வேண்டும். கசிவு நிற்காவிட்டால் கடல் வேண்டாம். பாதம் தொய்ந்து தொங்குபவருக்கு காலில் மாட்டும் நீளமான, விறைப்பான துடுப்பு காலை இழுத்துவிடும். குட்டையான, இலேசான துடுப்புகளைச் சிலமுறை மாற்றி மாற்றிப் பார்த்தால், பொருத்தமானது ஒன்று கிடைக்கும்.

கடல் நாள்

இராமேசுவரத்தார் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடகடலும் கொந்தளிக்கும். புதியவர்களுக்கு, அதிலும் சமநிலை குறைந்தவர்களுக்கு, தை முதல் பங்குனி வரையிலான அமைதியான நாட்களே ஏற்றவை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே அழைத்துப் போகிறேன் என்பவரோடு போகாதீர்கள்.

உணர்வில்லாத பாதத்துக்குக் கடற்கரையே முதல் ஆபத்து. உச்சி வெயிலில் மணலும் படகின் தளமும் தோலைச் சுட்டுவிடும், உங்களுக்குத் தெரியாது. சிப்பி ஒட்டிய பாறை கிழித்தாலும் தெரியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தடித்த அடிப்பகுதியுள்ள ரப்பர் காலணியை எடுத்துச் செல்லுங்கள். அதைக் கழற்றியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள். அலுமினியச் சிலிண்டர் மட்டுமே ஏறத்தாழ 14 கிலோ. மற்றவற்றோடு சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். முதுகு நரம்பு கெட்டவர் அதை மாட்டிக்கொண்டு ஆடும் படகில் எழுந்து நிற்பதோ ஏணியில் ஏறுவதோ தேவையில்லை. மிதந்துகொண்டே மாட்டுவதும், திரும்பும்போது நீரிலேயே கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறுவதும் யாரும் தவறாக நினைக்காத வழக்கங்கள். மூழ்கும்போது அணியும் ரப்பர் உடையான வெட்சூட் இறுக்கமாக இருந்தால் கை மரத்துப்போய்த் தேவையற்ற ஐயத்தை உண்டாக்கும் என்பதால், ஒரு அளவு தளர்வானதையே கேளுங்கள்.

சிறுநீர்த் தொல்லைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பலரிடமும் காணும் தவறு. உடலில் நீர் குறைந்தால் குமிழி உண்டாகும் வாய்ப்புக் கூடும்.

நீருக்குள்

தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர்வரை அனுமதிக்கும். நரம்புப் பாதிப்பு உள்ளவர் முதல் சில முறை 12 மீட்டரோடு நிறுத்திக்கொள்வதும், ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டுமே மூழ்குவதும் நல்லது என்பேன். ஆழம் குறைந்தால் கரையும் நைட்ரஜனும் குறையும். மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகள் சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் இழப்பும் பெரிதாக இல்லை. மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 முதல் 5 நிமிடம் நிற்க வேண்டும். டைவ் கம்ப்யூட்டரை மிகக் கட்டுப்பாடான அமைப்பில் வையுங்கள். ஆக்சிஜனைக் கூட்டிய நைட்ராக்ஸ் காற்றுக்குப் பயிற்சி பெற்றவர்கள் அதைச் சுவாசித்துக்கொண்டே, கம்ப்யூட்டரைச் சாதாரணக் காற்றுக் கணக்கில் வைத்தால் பாதுகாப்பு இன்னும் கூடும்.

காதின் அழுத்தத்தை இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் சமன் செய்யுங்கள். நடுக்காதில் அழுத்தம் தங்கிவிட்டால் முக நரம்பு அழுந்தி முகம் கோணும் ஒரு நிலை சிலருக்கு வருவதுண்டு. பழைய முகவாதக்காரருக்கு இது பெரும் அச்சத்தைத் தரும். கை காலில் ஏதோ வேறுபாடாகப் பட்டால், என்னவென்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் துணைவருக்குச் சைகை காட்டி முறையாக மேலேறுங்கள்.

கரையேறிய பிறகு

உலர்ந்து, உடை மாற்றிய அரை மணிக்குள் தாளை எடுத்து முழுச் சோதனையையும் செய்யுங்கள். அன்று மாலை ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை. அமெரிக்கக் கடற்படையின் கையேட்டின்படி, அழுத்தத் தளர்ச்சியின் அறிகுறிகள் 100-இல் 42 பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், 98 பேருக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் தோன்றிவிடுகின்றன. முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்பதோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் மற்ற இரண்டும். அன்று மாலை மதுவும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம்.

மண்டபத்திலிருந்து மதுரைக்குச் சாலையிலோ இரயிலிலோ திரும்புவதில் தடையில்லை. வழியெங்கும் தாழ்ந்த சமவெளிதான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் விடுமுறையில் இராமேசுவரம் முடித்த கையோடு கொடைக்கானல் ஏறுவது வழக்கம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம் என்பதால், மூழ்கிய மறுநாள் காலையிலேயே அங்கே ஏறுவது, உடலைப் பொறுத்தவரை விமானத்தில் ஏறுவதற்கு ஒப்பானது. விமானத்துக்கு, ஒருமுறை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. நரம்புப் பாதிப்பு உள்ளவர்கள் மலைக்கும் விமானத்துக்கும் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகமலைக்கும் மூணாறுக்கும் இதே கணக்குத்தான். கொடைக்கானலை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்கு வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐயம் எழுந்தால்

தாளில் எழுதியிருப்பதற்கும் இப்போது காண்பதற்கும் வேறுபாடு இருந்தால், மரத்த இடம் பரவியிருந்தால், இதுவரை சரியாக இருந்த பக்கம் மதமதத்தால், நுனிக்காலில் 6 முறை எக்கியவர் 2 முறையோடு நின்றால், சிறுநீர் இறங்கவில்லை என்றால், வேறென்று நிறுவப்படும்வரை அதை அழுத்தத் தளர்ச்சியாகவே கொள்ள வேண்டும். சொறிமீன் தீண்டியிருக்கலாம், கார் இருக்கையாக இருக்கலாம் என்ற ஆராய்ச்சியெல்லாம் மருத்துவருடைய வேலை.

பாதிக்கப்பட்டவரை மட்டமாகப் படுக்க வைத்து, படகிலோ கரையிலோ உள்ள தூய ஆக்சிஜனை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் தண்ணீர் கொடுக்கலாம். 108-ஐ அழைத்து, மூழ்கியதால் வந்த நோய் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடலில் இருக்கும்போதே நேர்ந்தால் கடலோரக் காவல் படையின் எண் 1554. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை போட்டுப் படுப்பது ஆகிய மூன்றையும் வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். மூன்றும் நேரத்தைத்தான் தின்னும். மீண்டும் நீரில் இறங்கினால் குமிழி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் மதமதப்பு மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அது திரும்பி வரக்கூடியது.

அழுத்த அறையில் பரவலாகப் பின்பற்றப்படும் சிகிச்சை, 18 மீட்டர் ஆழத்துக்கு ஒப்பான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துத் தொடங்கி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீடிக்கும். அங்கே பணியிலிருக்கும் மருத்துவருக்கு உங்கள் பழைய நரம்புப் பாதிப்பு பற்றி எதுவும் தெரியாது. சிகிச்சை முடிந்தபின் எந்தக் குறை பழையது, எது இன்னும் ஆறாதது என்று பிரித்தறிய அவருக்கு உங்கள் தாளும் கைப்பேசிப் படங்களும் வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவற்றோடு டைவ் கம்ப்யூட்டரையும், அதிலுள்ள பதிவை யாரும் அழித்துவிடாமல், நோயாளியின் கூடவே அனுப்பிவிடுங்கள்.